வண்டு சொன்னால் கேட்பார்கள்

இலங்கை அரச நிறுவனங்களுக்குள் ஒருங்கிணைப்பே இல்லை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அபாண்டம். 2017 டிசம்பரில் அந்த ஒருங்கிணைப்பை நாடே கண்ணால் பார்த்தது.

ரஷ்யாவுக்குப் போன தேயிலைச் சரக்கு ஒன்றில் ஒரு வண்டு அகப்பட்டது. பெயர் கப்ரா வண்டு. இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். கோதுமையும் அரிசியும் கிடக்கும் களஞ்சியத்தில் குடியேறி மூட்டையைத் தவிடாக்கும் சாதி. தேயிலை அதற்குச் சாப்பாடே இல்லை. ஆனாலும் சரக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ரஷ்யா டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்குக் கதவைச் சாத்தியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கவேண்டும். வருடக் கணக்காகக் கடிதத்துக்குப் பதில் போடாத அமைச்சுகள் ஒன்றோடொன்று பேசின. விடுமுறைக் காலத்தில் கோப்புகள் நடந்தன, ஓடின. அமைச்சரவை கூடியது. 2018 ஜனவரி 1 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதென்று முன்னரே ஒரு தீர்மானம் இருந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடுகளில் முதல் வரிசையில் நிற்பது எது என்று தெரிந்தால் சங்கதி விளங்கும். ரஷ்யா. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைக்குக் கதவு திறந்தது. வண்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்தால் அதை நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

அஸ்பெஸ்டஸ் தூள் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லி வருகிறது. புற்றுநோய். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை ஒன்று துருப்பிடித்த தகரம், இல்லாவிட்டால் வெடித்த அஸ்பெஸ்டஸ். ஆக, தேயிலையைக் காப்பாற்றுவதற்காக, தேயிலை பறிக்கிறவர்களின் தலைக்கு மேலே இருக்கிற தகட்டைக் காப்பாற்றினார்கள். இதைவிடப் பெரிய ஒருங்கிணைப்பு வேண்டுமா?

நூற்றைம்பது வருடமாக மலையகத்து லயத்திலிருந்து பெட்டிசம் போய்க்கொண்டிருக்கிறது. வீடு கேட்டு, காணி கேட்டு, கக்கூஸ் கேட்டு. அதில் எதற்காவது இரண்டு வாரத்தில் அமைச்சரவை கூடியதுண்டா? கேட்டவர்கள் மனிதர்களாக இருந்ததுதான் பிழை போல. வண்டாகப் பிறந்து கொள்கலனில் ஏறியிருக்க வேண்டும்.

*

இந்த நாட்டில் தாவரத்தின் ஆரோக்கியத்துக்கு எத்தனை பேர் பொறுப்பு என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கொட்டகலைப் பக்கம் ஒரு மலையில் ஒரு தேயிலைச் செடிக்குச் சுகமில்லை என்று வைத்துக்கொள்வோம். மனிதனுக்கு என்றால் டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்து இருக்கிறதோ இல்லையோ, போக ஓர் இடமாவது உண்டு. செடி எங்கே போகும்?

நோய் என்னவென்று பார்த்துச் சொல்வது தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் புத்தி சொல்லலாம், அவ்வளவுதான். அடிக்கிற மருந்துக்கு அனுமதி தருகிறவர் பேராதனைப் பக்கம், கெட்டம்பேயில் இருக்கிற பீடைகொல்லிப் பதிவாளர். அவருக்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அவர் விவசாயத் திணைக்களத்து ஆள். தேயிலையோ பெருந்தோட்ட அமைச்சின் பிள்ளை. அந்த மருந்து கப்பலில் வரவேண்டுமானால் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாளர், 1969ஆம் ஆண்டுச் சட்டம். உரம் வேண்டுமானால் தேசிய உரச் செயலகம், 1988ஆம் ஆண்டுச் சட்டம். பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்ததென்று சந்தேகமா? கட்டுநாயக்கவில் தேசிய தாவர தனிமைப்படுத்தல் சேவை, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். செடி கம்பனித் தோட்டத்தில் நின்றால் ஒரு கணக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் சிறுபற்று நிலத்தில் நின்றால் வேறோர் அதிகார சபை. பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் நின்றால் மாகாண விவசாயத் திணைக்களம். காட்டுப்பன்றி வந்து தூரைக் கிளறினால் வனசீவராசிகள் திணைக்களம். இத்தனையும் தாண்டி இலை உயிரோடு ஸ்டோருக்குப் போய்த் தூளாகிவிட்டால் தேயிலைச் சபை வந்து சிங்க முத்திரை குத்தும்.

செடி இதற்குள் செத்திருக்கும். பரவாயில்லை, சாவுக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்பதற்கு ஒரு குழு போடலாம்.

தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயின் வித்துக்கு இந்த எல்லைகள் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்து ஈரத்தில், காற்றில் ஏறி, மலைக்கு மலை தாவும். 1946இல் அது இலங்கைக்குள் வந்தபோதும் சட்டம் இல்லாமல் இல்லை. 1924ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. காற்றுக்கு யாரும் அதை வாசித்துக் காட்டவில்லை.

அதற்கும் முந்திய கதை கோப்பி. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் கண்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி சீமைக்குப் போனது. அங்கே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். துரைமார் அதைச் செல்லமாக எமிலி என்று அழைத்தார்களாம். பெயர் உடனே கிடைத்தது. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் வந்திறங்கியபோது 1880. பதினொரு வருடம். அவர் வந்து, ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டால் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று சரியாகத்தான் சொன்னார். கேட்பதற்குக் கோப்பி மிஞ்சியிருக்கவில்லை. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த சனத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எந்த ஆவணத்திலும் நான் காணவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லாம் கூடிவந்த காலமும் இருந்தது. 1930களில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு தோட்டங்களை வாட்டியபோது, விஞ்ஞானிகள் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்தார்கள். 1935, 36இல் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுத் தன் பாட்டில் வேலையைப் பார்த்தது. சம்பளம் கேட்கவில்லை, கம்பனிகளுக்கு மெத்தப் பிடித்திருக்கும். பிறகு 1950களில் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தார்கள். வண்டு குறைந்ததோ இல்லையோ, ஜாவாக் குளவி செத்தது. அடங்கியிருந்த புழு படையாகத் திரும்பி வந்தது. ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பூச்சிகளே நமக்கு இலவசமாகப் பாடம் எடுத்துவிட்டுப் போயின. எழுபது வருடம் கழித்தும் நாம் அதே வகுப்பில்தான் இருக்கிறோம்.

*

கிளைபோசேட் என்ற களைகொல்லியின் கதைக்கு வருகிறேன். 2015இல் அதைத் தடைசெய்தார்கள். வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரகங்கள் பழுதாவது உண்மை, கொடுமையான உண்மை. அதற்குக் கிளைபோசேட்தான் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. ஆனாலும் தடை வந்தது. பதிவாளரின் பீடைகொல்லிச் சட்டம் ஒரு பக்கம் கிடக்க, இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வந்தது. மருந்தைப் பரிசோதிக்கிற மேசை ஒன்று, தடுக்கிற மேசை இன்னொன்று. நடுவில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் மாற்றுக் களைகொல்லியைத் தேடி அலைந்தார்கள்.

நான் கிளைபோசேட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. முதுகில் தொட்டியைச் சுமந்து, கிழிந்த சட்டையோடு, வாயில் துணிகூடக் கட்டாமல் மலை மலையாக மருந்தடித்த மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது நஞ்சா இல்லையா என்று அந்த ஆளிடம் ஒருவர் வந்து கேட்டிருந்தால், தடையைப் பற்றி நானும் மரியாதையாகப் பேசியிருப்பேன். கேட்கவில்லை. தடை போட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. அவர் உடம்பு எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

தடைக்குப் பிறகு புல் வளர்ந்தது. இடுப்பளவு. அட்டை எங்கே, பாம்பு எங்கே, குளவிக்கூடு எங்கே என்று தெரியாத புல்லுக்குள் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். சில தோட்டங்கள் வேறு களைகொல்லியைத் தேடிப் போயின. பிறகு ஜப்பான், உங்கள் தேயிலையில் எம்சிபிஏ என்ற களைகொல்லியின் மிச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று முகம் சுளித்தது. அப்போதுதான் கொழும்புக்கு உறைத்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும், 36 மாதத்துக்கு மட்டும், கிளைபோசேட் நல்ல பிள்ளையாயிற்று. பாருங்கள், இங்கேயும் ஜப்பான் சொன்னபிறகுதான் காது திறந்தது. ரஷ்யா சொன்னால் ஒரு காது, ஜப்பான் சொன்னால் மறு காது. பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் மூன்றாவது காது ஒன்று முளைக்கவேண்டும்.

*

2021. இதை எழுதும்போது சிரிப்பு வருவதில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபை மூலம் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருடம் கூட்டம், மறியல், சத்தியாக்கிரகம். சரியாக இரண்டு மாதம். மே மாதம் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு இன்னொரு வர்த்தமானி அடித்தது: இரசாயன உரமும் பீடைகொல்லியும் இனி நாட்டுக்குள் வராது. ஒரே இரவில் இலங்கை முழுவதும் இயற்கை விவசாய நாடு. உலகத்துக்கே முன்மாதிரி. அப்படித்தான் மேடையில் சொன்னார்கள்.

உரம் போடாத செடியில் கொழுந்து குறையும். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கிற கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் பேர் இல்லை, அரைப்பேர். காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நின்று, மாலைவரை மலையில் நின்று, மழையில் நனைந்து, கடைசியில் அரைநாள் கூலி. வர்த்தமானி கொடுத்த ஆயிரத்தை வர்த்தமானியே பாதியாக்கியது. ஒரு கையெழுத்து தொழில் அமைச்சில், ஒரு கையெழுத்து நிதி அமைச்சில். இரண்டு பேனாவும் ஒன்றையொன்று சந்தித்ததேயில்லை. இதற்குப் பெயர் கொள்கை முடிவு.

கம்பனிகளைச் சும்மா விடமுடியாது. உரம் இல்லாதது அரசின் பிழை என்று அவர்கள் சொன்னார்கள், சரி. அந்தப் பிழையின் பாரத்தை யார் கூடையில் போட்டார்கள்? செடி கொடுக்காத கிலோவைப் பெண்ணிடம் கேட்டது கொழும்பு இல்லை.

நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் தேயிலைச் செடிக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. போன பசியை அது மறுநாளே மறக்காது. அதற்குள் டொலரும் தீர்ந்தது, உர விலையும் ஏறியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் காணாத பள்ளம்.

இந்தக் கூத்தின் நடுவே ஒரு கப்பல் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உரத்தைத் தடுத்தாயிற்று, இனி சேதன உரம் வேண்டுமே? உள்நாட்டில் போதாது. ஆகவே உள்நாட்டு மண்ணைக் காப்பாற்றும் திட்டத்துக்குச் சீனாவிலிருந்து சேதன உரம் கேட்டார்கள். பெரும்பாலும் நெல்லுக்கு. கிங்டாவோ சீவின் என்ற கம்பனி. ஏறத்தாழ 5 கோடி டொலர் ஒப்பந்தம். மாதிரி வந்தது. கட்டுநாயக்கத் தாவர தனிமைப்படுத்தல் சேவை அதைப் பரிசோதித்து, இதில் எர்வினியா வகைப் பாக்டீரியா இருக்கிறது, பயிருக்கு ஆபத்து, நாட்டுக்குள் எடுக்க முடியாது என்று எழுதிவிட்டது.

எழுந்து நின்று கை தட்டலாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்த நாள் அது. கிருமி வந்தது, சட்டம் தடுத்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் கப்பல் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. ஹிப்போ ஸ்பிரிட். 20,000 தொன்னோடு வந்து, துறைமுகத்துக்குள் வரமுடியாமல் இலங்கையைச் சுற்றிச் சுற்றி வந்தது. இடையில் பெயரைக்கூட மாற்றிக்கொண்டது. நம்ம ஊரில் கடன்காரன் வந்தால் சிலர் கொல்லைப்புறமாகப் போவார்களே, அதுபோல. அரச உரக் கம்பனிகள் நீதிமன்றம் போய்ப் பணம் கொடுப்பதை நிறுத்தும் உத்தரவு வாங்கின. சீனத் தூதரகம் பணம் கட்டாத மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. சீவின் கம்பனி, கிருமி இருக்கிறதென்று எழுதிய அதிகாரியிடமே 80 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியது. சட்டப்படி வேலை செய்த அரச ஊழியருக்குக் கிடைத்த பதவி உயர்வு இதுதான்.

கடைசியில் என்ன? 2022 ஜனவரியில் அரசு ஏறத்தாழ 70 இலட்சம் டொலரைக் கட்டியது. எதற்கு? இறக்காத உரத்துக்கு. தன்னுடைய சட்டமே வேண்டாம் என்று சொன்ன சரக்குக்கு. டொலர் இல்லாமல் மருந்துக்கும் காஸுக்கும் நாடு தவித்துக்கொண்டிருந்த மாதம் அது.

அதே பருவத்தில் இன்னொரு கூத்து. 2021 நவம்பரில் பீடைகொல்லிப் பதிவாளர், தன் சட்டம் தனக்குக் கொடுத்த அதிகாரத்தின்படி, கிளைபோசேட் தடையை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். விவசாய அமைச்சர் அதை இரத்துச் செய்யச் சொன்னார். பதிவாளரையும் பதவியிலிருந்து எடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசே அந்தத் தடையை நீக்கியது. ஒன்பது மாதம் முந்தி உண்மை சொன்னது ஒரு குற்றமா என்று கேட்கலாம். குற்றந்தான். இந்த நாட்டில் உண்மைக்கும் பருவகாலம் உண்டு, பருவம் பிந்தித்தான் விளையும்.

ஆக மொத்தம், சட்டத்தின்படி வேலை செய்த அலுவலகத்துக்கு ஒரு நட்டஈட்டுக் கடிதம், இன்னொரு அலுவலகத்துக்கு ஒரு வெளியேற்ற உத்தரவு. யாரையும் கேட்காமல் உரத்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு கடிதமும் இல்லை. ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தபின் கோட்டாபய விமானம் ஏறிப் போனார். மலையில் இருந்தவர்கள் மலையில்தான் இருந்தார்கள். கோதுமை மாவு விலையேறி, ரொட்டியின் வட்டம் சுருங்கிய அந்த மாதங்களை மலையகத்தில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இப்போதும் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கின்றன. குளிரூட்டிய மண்டபம், பேனா, கோப்பு, நடுவில் சிலோன் டீ. அந்தக் கூட்டங்களில் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உரமோ மருந்தோ தடையோ, அடுத்த வர்த்தமானியை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு நாள் ஹட்டன் பக்கம் வாருங்கள். காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் அதைத் தமிழில் வாசியுங்கள். குளிர் கொஞ்சம் கூடத்தான், கம்பளி கொண்டு வாருங்கள். அங்கே கூடை மாட்டிக்கொண்டு நிற்கிற அம்மாமார் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் இருந்தால், அச்சடியுங்கள்.